கிண்டியிலிருந்து கம்மாபுரம் வரை ஒரு கம்பி

1960ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்க மின்னணுத் தொழில் சங்கம் 'ஆர்.எஸ்.232' என்று ஒரு பரிந்துரையை வெளியிட்டது. சென்னை கிண்டியில், இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. முன்னது காகிதத்தில் எழுதிய விதி. பின்னது இரும்பும் பித்தளையும். ஆனால் இரண்டும் பார்த்த வேலை ஒன்றுதான்: ஓர் எழுத்தைத் துண்டு துண்டாக்கி, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, மறுமுனையில் மீண்டும் எழுத்தாக்குவது.

அந்தக் கம்பி தந்தி ஆபீஸில் தொடங்கி, பேங்க் கவுண்ட்டர், இன்டர்நெட், மீனவர் கிராமம், கரும்பு வட்டாரம் என்று அலைந்து, விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வழியாகச் சேத்தியாத்தோப்புக்குப் போகும் சாலையின் எடைமேடைகளில் இன்றைக்கும் சம்பாதித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை இடம் மாறியும் அதற்கு வரும் நோய்கள் மாறவில்லை. தந்தி ஆபீஸ் மெக்கானிக் பார்த்த அதே நாலைந்து கோளாறுகளைத்தான் எடைமேடைக்கு வரும் சர்வீஸ் பையனும் பார்க்கிறான்.

முதலில் கிண்டி. அங்கே தயாரான டெலிபிரிண்டர்கள் தந்தி அலுவலகங்களுக்கும் பத்திரிகை அலுவலகங்களுக்கும் போயின. டெலிபிரிண்டரில் ஓர் எழுத்துக்கு 5 துடிப்பு. பிரான்ஸின் எமீல் போதோ 1874இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாட்டின் வழித்தோன்றல் அது. 5 துடிப்பில் 32 சேர்க்கைதான் கிடைக்கும். ஆங்கில எழுத்து 26 போனால் எண்களுக்கு இடமில்லை. ஆகவே 'இனி வருவது எழுத்து', 'இனி வருவது எண்' என்று இரண்டு சைகைகள் வைத்தார்கள். வழியில் இரைச்சலடித்து அந்தச் சைகை ஒன்று தொலைந்தால், அடுத்த சைகை வரும்வரை ஊர்ப்பெயர் எண்ணும் குறியுமாக அச்சாகும். விஷயம் தெரிந்த ஆபரேட்டர் அதைக் குப்பை என்று கிழித்துப் போடமாட்டார். எந்த எண் எந்த எழுத்தின் சாவி என்று விரலுக்குத் தெரியும். பென்சிலால் மேலேயே திருத்தி எழுதிவிடுவார்.

டெலக்ஸ் வேகத்தில் ஒரு துடிப்பு 20 மில்லிசெகண்ட். 5 துடிப்புக்கு முன்னால் 'ஆரம்பம்' என்று ஒன்று, பின்னால் 'முடிந்தது' என்று ஒன்றரை. ஆக ஓர் எழுத்துக்கு 150 மில்லிசெகண்ட், நிமிடத்துக்கு 400 எழுத்து. சூட்சுமம் முழுக்க அந்த முதல் துடிப்பில் இருக்கிறது. இரண்டு முனையிலும் இருக்கும் மோட்டார்கள் நாள் முழுக்க ஒரே சுதியில் ஓட வேண்டியதில்லை. 'ஆரம்பம்' கேட்டதும் பெறும் பொறி அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்கும். ஓர் எழுத்தை எண்ணி முடிக்கும்வரை தடுமாறாமல் இருந்தால் போதும், அடுத்த எழுத்துக்கு மறுபடி முதலிலிருந்து எண்ணிக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை மாற்றவேண்டிய அவசியம் இதுவரை யாருக்கும் வரவில்லை. 1960களில் டி.ஈ.சி. நிறுவனத்தின் கோர்டன் பெல் இதே எண்ணிக்கையைச் செய்ய ஒரு மின்னணுச் சுற்றை வடிவமைத்தார். 1971வாக்கில் வெஸ்டர்ன் டிஜிட்டல் அதை ஒரே சில்லுக்குள் அடக்கியது. பொறி போய்ச் சில்லு வந்ததே தவிர, எண்ணும் முறை அப்படியே இருந்தது.

ஆர்.எஸ்.232 எதற்காகப் பிறந்தது? டெலிபிரிண்டரையும் மோடத்தையும் இணைப்பதற்கு. 25 பின் கொண்ட இணைப்பான் அதோடு ஒட்டிக்கொண்டது. எந்தப் பின்னில் என்ன ஓடவேண்டும், மின்னழுத்தம் எவ்வளவு என்று வரையறுத்தார்கள். 3 முதல் 15 வோல்ட் நெகட்டிவ் என்றால் 1, அதே அளவு பாசிட்டிவ் என்றால் 0, கம்பி சும்மா இருக்கும்போது நெகட்டிவ். 1969இல் வந்த 'சி' திருத்தம்தான் நிலைத்தது. கமிட்டி போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 25 பின்னே சாட்சி. பாதிக்கு மேல் யாரும் தொட்டதே இல்லை. பேச ஒன்று, கேட்க ஒன்று, பொதுத்தரை ஒன்று, ஆக மூன்று கம்பி இருந்தால் குடித்தனம் நடந்துவிடும்.

இந்தக் கம்பிக்கு ஒரு குணம் உண்டு. மறுமுனையில் யார் இருக்கிறார், என்ன வேகத்தில் பேசுவார், ஓர் எழுத்துக்கு 7 துடிப்பா 8 துடிப்பா, எதையும் இது விசாரிக்காது. இன்றைய யு.எஸ்.பி. கம்பியைச் செருகியதும் இரண்டு பக்கமும் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்துக்கொள்கின்றன. சீரியல் கம்பி அப்படியல்ல. இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கவேண்டும். பேசி வைத்தது பிசகினால் பிழைச்செய்தி வராது, மணி அடிக்காது. இதைக் குறை என்றுதான் பாடப்புத்தகங்கள் எழுதின. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய் திறந்து குறை சொல்லத் தெரியாத இந்தக் கம்பியில்தான் கோளாறைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். ஏனென்றால் ஒவ்வொரு கோளாறுக்கும் தனி முகம் இருக்கிறது.

அந்த முகங்களை நம் ஊர்க்காரர்கள் கூட்டமாகக் கற்றுக்கொண்ட இடம் பேங்க். கணினி வந்தால் வேலை போகும் என்ற அச்சம் இருந்த காலம். 1983இல் ஊழியர் சங்கங்களோடு எந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஆனது. 1984இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. அதன்பின் மெல்ல மெல்லக் கிளைகளுக்குள் கணினி நுழைந்தது. 80களின் இறுதியிலும் 90களிலும் பல கிளைகளில் இருந்த அமைப்பு இதுதான்: மேனேஜர் அறையை ஒட்டிய ஏ.சி. அறையில் யூனிக்ஸ் ஓடும் ஒரு பெட்டி. அதன் முதுகில் எட்டு சீரியல் வாய் கொண்ட ஓர் அட்டை. ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒரு கம்பி கவுண்ட்டருக்கு. கவுண்ட்டரில் பச்சை எழுத்து மின்னும் டம்ப் டெர்மினல். டம்ப் என்றால் ஊமை என்று பொருள் கொள்ளலாம், மந்தம் என்றும் கொள்ளலாம். இரண்டும் பொருந்தும்.

முதல் முகம், மௌனம். டெர்மினல் எரிகிறது, பெட்டி ஓடுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பாதிக்கு மேல் காரணம் 2, 3 பின்கள். டெலிபோன் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தமாதிரி, ஒருவர் வாய்க்கு எதிரே இன்னொருவர் வாய். ஒருவர் காதுக்கு எதிரே காது. விதி எழுதியவர்கள் டெர்மினலையும் மோடத்தையும் மனதில் வைத்து எழுதினார்கள். கணினியோடு டெர்மினலை நேரே இணைத்தால் இரண்டும் தன்னை டெர்மினல் என்றே நினைத்துக்கொள்ளும். ஆகவே 2ஐயும் 3ஐயும் மாற்றிப் போட்ட 'கிராஸ் கேபிள்' வேண்டும். போதாக்குறைக்கு, 1984இல் ஐ.பி.எம். தன் பி.சி./ஏ.டி. கணினியில் இடத்தை மிச்சம் பிடிக்க 25 பின்னை 9 ஆக்கியபோது, 25இல் பேசும் பின்னாக இருந்த 2, 9இல் கேட்கும் பின் ஆகிவிட்டது. 9க்கும் 25க்கும் நடுவே போடும் அடாப்டர் இதைத் திருப்பும். அதன் மறுபக்கம் இருப்பது நேர்க் கம்பியா குறுக்குக் கம்பியா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கவரின் இரண்டு திருகைக் கழற்றி, சால்டரைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

அங்கேயும் ஒரு தந்திரம் உண்டு. 'நான் தயார், நீ தயாரா' என்று கேட்க விதியில் தனிக் கம்பிகள் இருந்தன. சில மென்பொருள் அந்தப் பதில் வராமல் அசையாது. மறுமுனையிலோ அந்தப் பின்களே இல்லை. சர்வீஸ் ஆட்கள் 9 பின் இணைப்பானில் 7ஐயும் 8ஐயும் சேர்த்துச் சால்டர் வைப்பார்கள், 1, 4, 6 மூன்றையும் சேர்த்து வைப்பார்கள். 'தயாரா' என்று கணினி கேட்கும் கேள்வி அதன் காதுக்கே 'தயார்' என்று திரும்பி வரும். தன் குரலைக் கேட்டுத் தானே நம்பிக்கொள்ளும். இப்படி ஏமாற்றி ஓட்டிய கவுண்ட்டர்களில் பல லட்சம் ரூபாய் பட்டுவாடா ஆகியிருக்கும்.

இரண்டாவது முகம், கிறுக்கல். எழுத்துகள் வருகின்றன, அர்த்தம் இல்லை. கம்பி நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. வேகம்தான் ஒத்துப்போகவில்லை. 9600 பாட் வேகத்தில் ஒரு துடிப்பு 104 மைக்ரோசெகண்ட். அனுப்புபவர் 9600, கேட்பவர் 4800 என்றால் இரண்டு துடிப்பை ஒன்றாக விழுங்கிவிடுவார். எல்லாமே கிறுக்கலாக இல்லாமல், பாதி எழுத்து சரியாகவும் பாதி விநோதமாகவும் வந்தால் வேகம் சரி, 7 துடிப்பா 8 துடிப்பா என்பதிலோ, பிழை பார்க்கச் சேர்க்கும் துடிப்பான பேரிட்டியிலோ தகராறு.

மூன்றாவது முகம், பாதியில் உறைவது. வாடிக்கையாளர் வரிசை நிற்கிறது, திரை நின்றுவிட்டது. "சார், டெர்மினல் தூங்கிடுச்சு" என்று போன் வரும். "கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு க்யூ அமுக்குங்க மேடம்" என்று மறுமுனையில் சொல்வார்கள். உடனே எழுந்துவிடும். கேஷியர் தெரியாமல் கன்ட்ரோலோடு எஸ் சாவியை அமுக்கியிருப்பார். 'நிறுத்து' என்று அதற்கு அர்த்தம். ஏன் எஸ், ஏன் க்யூ? பழைய டெலிடைப் பொறியின் பக்கத்தில் ஓட்டை போட்ட காகிதநாடாவைப் படிக்கும் கருவி ஒன்று உண்டு. அதை ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் இருந்த குறிகள்தான் இவை. காகிதநாடா ஒழிந்து எத்தனையோ காலம் ஆனபிறகும், அதை நிறுத்தும் ஆணை பேங்க் கவுண்ட்டரில் உயிரோடிருந்து வாடிக்கையாளரைக் காக்கவைத்தது.

நான்காவது முகம் கொஞ்சம் நயவஞ்சகம். எல்லாம் சரியாக ஓடும், அவ்வப்போது ஓர் எழுத்து மட்டும் காணாமல் போகும். முதல் ஐ.பி.எம். பி.சி.யில் இருந்த 8250 சில்லுக்கு ஒரே ஓர் எழுத்தை வைத்திருக்கத்தான் இடம். கணினி வந்து அதை எடுத்துப் போவதற்குள் அடுத்தது வந்தால் முந்தியது போச்சு. பின்னால் வந்த 16550 சில்லில் 16 எழுத்துக்கு இடம். கணினி வேறு வேலையில் இருந்தாலும் சமாளிக்கும். மோடம் வாங்கப் போனவர்களிடம் 90களில் கடைக்காரர் 'உங்க மெஷின்ல பதினாறு அஞ்சு அம்பதா?' என்று கேட்டது இதற்காகத்தான்.

மோடம் என்றதும் 1995 ஆகஸ்ட் 15 வந்துவிடும். வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட நாள். சென்னையும் முதல் பட்டியலில் இருந்தது. கடலூர், சிதம்பரத்துக்காரர் தொடக்கத்தில் சென்னைக்கு எஸ்.டி.டி. போட்டுத்தான் இணையவேண்டும். லைனில் இரைச்சல் அடிக்கும், மீட்டர் ஓடும். மாணவர்களுக்கும் மலிவாக வேண்டியவர்களுக்கும் ஷெல் கணக்கு. வெறும் எழுத்துத் திரை. அதாவது உங்கள் வீட்டு பி.சி. வி.எஸ்.என்.எல். கணினிக்கு ஓர் ஊமை டெர்மினல். பேங்க் கவுண்ட்டரின் அதே ஏற்பாடு, கம்பி மட்டும் இருநூறு கிலோமீட்டர் நீளம்.

படம் பார்க்கவேண்டுமானால் இந்தக் கம்பியின்மேல் இன்டர்நெட் பொதிகளை ஏற்றவேண்டும். அதற்கு முதலில் வந்தது ஸ்லிப். 1988இல் ஜான் ராம்கி அதை எழுதிவைத்த ஆவணத்தின் தலைப்பிலேயே இது தரநிலை அல்ல என்று சொல்லியிருந்தார். பொதியை அனுப்பு, முடிந்ததும் 192 என்ற எண்ணை அனுப்பு, அவ்வளவுதான் ஏற்பாடு. வழியில் பழுதானதா என்று பார்க்காது. முகவரியையும் கையால் தட்டிக் கொடுக்கவேண்டும். ஒரு புள்ளி தப்பினால் இணைப்பு இருக்கும், போக்குவரத்து இருக்காது. அடுத்து வந்த பி.பி.பி. கொஞ்சம் பேசிப் பார்த்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். அந்தப் பேச்சை நேரில் பார்த்தவர்கள் உண்டு. டெர்மினல் மென்பொருளில் கடவுச்சொல்லைத் தட்டியதும் திரையில் ~}#!}!} } என்று அலைக்குறியும் வளைந்த அடைப்புமாகக் கொட்டும். புதிதாக வந்தவர் பயந்து போனை வைத்துவிடுவார். தெரிந்தவருக்கு அது சுபசகுனம். மறுபக்கம் பி.பி.பி. தயாராகி உங்களைக் கூப்பிடுகிறது என்று பொருள்.

இந்த இடத்தில் தமிழுக்கு நேர்ந்த ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் போகமுடியாது. ஆங்கிலத்துக்கு 7 துடிப்பு போதும். 8ஆவதைச் சில இணைப்புகள் பேரிட்டிக்கு எடுத்துக்கொண்டன, சில அஞ்சல் வழிகள் சும்மாவே வெட்டி எறிந்தன. 90களில் உருவான தமிழ்க் குறியேற்றங்களில் பல, ஆங்கிலத்துக்குத் தொந்தரவு தராமல், அந்த 8ஆவது துடிப்பால் கிடைத்த 128 இடங்களில்தான் தமிழைக் குடிவைத்தன. 7 துடிப்புக் கம்பியில் போனால் க, ச, ட எல்லாம் ஆங்கில எழுத்தாகவும் குறிகளாகவும் இறங்கும். வெளிநாட்டுத் தமிழர்கள் இணையக் குழுக்களில் அம்மாவையும் அப்பாவையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டிருந்ததற்கு எழுத்துரு இல்லாதது ஒரு காரணம். இந்த வெட்டு இன்னொரு காரணம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் குறியேற்றம் பற்றி அத்தனை சண்டை நடந்ததைப் படிக்கும்போது, பின்னணியில் இந்த ஒற்றைத் துடிப்பும் நின்றுகொண்டிருந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

நம் பக்கத்துக்குக் கம்பி வந்த விதம் சுவாரசியமானது. கம்பியே இல்லாமல் வந்தது. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரில் மையம். சுற்றியிருந்த கிராமங்களுக்குத் தொலைபேசியை நம்பமுடியாத நிலை. ஆகவே போலீஸ் ஜீப்பில் இருக்கும் வகையிலான வி.எச்.எஃப். ரேடியோ. அதில் குரலும் போகும், கணினியின் எழுத்தும் போகும். எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே தகவல் மையத்துக்கு இடம் கொடுத்தார்கள். வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: நாளைக்கு அலை எவ்வளவு உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வில்லியனூர் அதை எடுக்கும், கிராமத்துக்கு அனுப்பும், ஒலிபெருக்கி தமிழில் அறிவிக்கும். போர்க்கப்பல்களுக்காகக் கணித்தது, வங்காள விரிகுடாவில் கட்டுமரம் தள்ளுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானித்தது. 2001இல் ஸ்டாக்ஹோம் விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வேகத்தைப் பற்றி யாரும் அங்கே முறையிடவில்லை. அலையின் உயரத்தைச் சொல்ல நாலு எழுத்து போதும்.

அடுத்த வரவு நெல்லிக்குப்பம். ஈ.ஐ.டி. பாரியின் சர்க்கரை ஆலை 1842 முதல் இருக்கும் ஊர். அங்கே 2000களின் தொடக்கத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் கார்டெக்ட் வந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, மைடாஸ் நிறுவனத்தோடும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசி. கோபுரத்திலிருந்து 10 கிலோமீட்டர், நடுவே ஒரு மறுஒலிபரப்பி வைத்தால் 25 கிலோமீட்டர். கிராமத்துக் கடையின் கூரையில் ஒரு குழாயை நட்டு, ஆன்டெனாவைக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். உள்ளே சுவரில் ஒரு பெட்டி, அதில் இரண்டு வாய். ஒன்று சாதாரணத் தொலைபேசிக்கு. மற்றது நம் பழைய ஆர்.எஸ்.232. கணினியின் 9 பின்னை நேராக அதில் செருகினால் நொடிக்கு 35 கிலோபிட், தொலைபேசியைத் தொடாமல் இருந்தால் 70.

அந்தப் பெட்டியில் ஈதர்நெட் வாய் வைக்காமல் சீரியல் வாய் வைத்தது ஏன் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். காசுதான். அந்நாளில் மலிவான எந்தப் பழைய பி.சி.யை வாங்கினாலும் முதுகில் சீரியல் வாய் இருக்கும், நெட்வொர்க் கார்டு இருக்காது. கணினி, பேட்டரி, ஆன்டெனா எல்லாம் சேர்த்துச் சுமார் 50,000 ரூபாய்க்குள் ஒரு மையம் அமையவேண்டும் என்பது கணக்கு. என்-லோக் நிறுவனம் இந்த மையங்களைப் பரப்பியது. மதுரை மாவட்டம் மேலூரில் சாரி திட்டம், நெல்லிக்குப்பத்தில் பாரியின் இண்டியாகிரிலைன். கரும்பு விவசாயி வெட்டு உத்தரவுக்கும் பணப்பட்டுவாடா விவரத்துக்கும் ஆலைக்கு நடக்கவேண்டாம், ஊரிலேயே பார்க்கலாம் என்பது யோசனை.

இங்கேயும் அதே முகங்கள். 70 கிலோபிட் வரவேண்டிய இடத்தில் ஊர்ந்தால், கோபுரத்தைத் திட்டுவதற்கு முன் விண்டோஸில் அந்த வாயின் வேகம் 115200 என்று இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 19200 என்று யாராவது விட்டிருந்தால், வானத்திலிருந்து எவ்வளவு வந்தாலும் கடைசி ஒன்றரை மீட்டர் கம்பியில் அதற்குமேல் இறங்காது. சுத்தமாக ஒன்றும் வரவில்லையென்றால் ஆன்டெனா திரும்பியதா, அல்லது நேற்றைய இடியில் சீரியல் சில்லு போய்விட்டதா. ஐப்பசி இடிக்கு இந்தக் கம்பி பலியாவது சகஜம். கூரையில் ஒரு தரை, கணினியின் மின்னிணைப்பில் இன்னொரு தரை, இரண்டுக்கும் நடுவே அழுத்த வேறுபாடு வந்தால் அது பாய்வதற்குக் கிடைக்கும் பாலம் இதுதான்.

2004இல் மத்திய அரசின் கொள்கை 256 கிலோபிட்டுக்குக் குறைந்ததை பிராட்பேண்ட் என்று ஒப்புக்கொள்ளவில்லை. செல்போன் கோபுரங்கள் முளைத்தன. மடகாஸ்கர், பிஜி என்று கடல் கடந்த கார்டெக்ட் இங்கே ஓய்ந்தது. என்-லோக் மையங்களில் பெரும்பாலானவை 2000களின் இறுதிக்குள் மூடிக்கொண்டன. வருமானம் போதவில்லை, ஆதரவளித்த நிறுவனங்கள் கைவிட்டன. தொழில்நுட்பம் தோற்றது என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. கணக்கு தோற்றது. நடத்தியவர்களில் பலர் ஜெராக்ஸ் கடைக்கும் இ-சேவைக்கும் மாறினார்கள்.

அதே காலத்தில் மடிக்கணினிகள் 9 பின் வாயைக் கைவிட்டன. சீரியல் வாயோடு பேச உதவிய ஹைப்பர்டெர்மினல் மென்பொருளை விண்டோஸ் எக்ஸ்.பி.க்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. கம்பி செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. கோயம்புத்தூர் பட்டறைகளில் யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை. அங்கே ஃபானுக் கன்ட்ரோலர் வைத்த பழைய சி.என்.சி. எந்திரங்கள் இருபது முப்பது ஆண்டாக உலோகம் சீவுகின்றன. நிரலை ஏற்றும் வழி 25 பின் சீரியல் வாய். 4800 பாட், 7 துடிப்பு, இரட்டைப்படைப் பேரிட்டி. தன்னிடம் பேசுவது கணினி என்று அந்த எந்திரம் இன்னும் நம்பவில்லை. காகிதநாடாப் பெட்டி என்றே நினைக்கிறது. ஓடு, நில் என்று அது சொல்லும் குறிகள் பேங்க் கேஷியர் தெரியாமல் அமுக்கிய அதே எஸ், அதே க்யூ. 86ஆம் அலாரம் வந்தால் மறுமுனை தயாரில்லை, 85 வந்தால் வேகமோ பேரிட்டியோ, 87 வந்தால் நில் என்று சொல்லியும் கணினி கொட்டிக்கொண்டே இருக்கிறது. பட்டறைக்காரர்களுக்கு இது மனப்பாடம்.

வாய் இல்லாத கணினிக்கும் வாயுள்ள எந்திரத்துக்கும் நடுவே யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வந்தது. அதற்குள் இருக்கும் சில்லு மூன்று ஊர்க்காரர்களுடையது: ஸ்காட்லாந்து கிளாஸ்கோவின் எஃப்.டி.டி.ஐ., தைவானின் ப்ரோலிஃபிக், சீனாவின் சி.எச்.340. முதல் இரண்டுக்கும் போலிகள் பெருகின. 2014 அக்டோபரில் எஃப்.டி.டி.ஐ. விண்டோஸ் அப்டேட் வழியாக ஒரு டிரைவரை அனுப்பி, போலிச் சில்லுகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிச் செயலிழக்க வைத்தது. கூச்சல் கிளம்பியதும் திரும்பப் பெற்றது. ப்ரோலிஃபிக் தன் பழைய சில்லுகளைப் புது விண்டோஸில் ஏற்க மறுத்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக யார் எவர் என்று கேட்காத கம்பிக்கு, முதன்முறையாக வாசலில் ஒருவர் நின்று ஆதார் கேட்டார். சென்னை ரிச்சி தெருவில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய கன்வெர்ட்டர் நேற்றுவரை ஓடியது, இன்று ஏன் மஞ்சள் ஆச்சரியக்குறி என்ற கேள்விக்கு, கம்பியைப் பார்த்தால் விடை கிடைக்காது. இதுதான் ஐந்தாவது முகம். பழைய நான்கைப்போல நேர்மையானது அல்ல.

தொடக்கத்தில் சொன்ன கம்மாபுரம் சாலையில் கரும்பு, நெல், சவுடு, செங்கல் எல்லாம் எடை போட்டுத்தான் போகும். எடைமேடைக்கு அடியில் லோடு செல்கள். கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண் எரியும் இண்டிகேட்டர். அதன் பின்னால் 9 பின் வாய். அதிலிருந்து ரசீது அடிக்கும் கணினிக்கு. இண்டிகேட்டர் ஓயாமல் எடையைச் சொல்லிக்கொண்டே இருக்கும், கணினி கேட்டாலும் கேட்காவிட்டாலும். டெலிபிரிண்டர் குணம் அப்படியே இருக்கிறது.

ஓர் எடைமேடையில் இடிக்குப் பிறகு கணினி போய், செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கிக் கன்வெர்ட்டர் போட்டிருந்தார்கள். ஒன்றுமே வரவில்லை என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டார்கள். வந்தவர் முதலில் கணினியைத் தொடவில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 5ஆம் பின்னில் வைத்து, சிவப்பை 2இலும் 3இலும் மாற்றி மாற்றி வைத்தார். இண்டிகேட்டர் பக்கம் ஒரு பின்னில் நெகட்டிவ் 8 வோல்ட் துள்ளியது. பேசுகிறது. அடுத்து கன்வெர்ட்டரின் 2க்கும் 3க்கும் ஒரு ஜெம் கிளிப்பை வளைத்துச் செருகி, டெர்மினல் மென்பொருளில் ஏதோ தட்டினார். தட்டியது அப்படியே திரையில் திரும்ப வந்தது. கன்வெர்ட்டரும் நன்றாக இருக்கிறது. ஆக நடுவில் இருக்கும் கேபிள். கவரைத் திறந்தால், எலி கடித்த இடத்தில் யாரோ முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், 2க்கும் 3க்கும் இடம் மாற்றி.

சரிசெய்ததும் எண் வந்தது. மேடையில் கரும்பு டிராக்டர். இண்டிகேட்டரில் 12480. கணினியில் 8421.

"நாலு டன் எங்கடா போச்சு?" என்றார் டிராக்டர்காரர், பாதி சிரிப்பும் பாதி கோபமுமாக.

"எங்கயும் போகலண்ணே, தலைகீழா படிக்குது" என்றார் சர்வீஸ் ஆள். "இந்த மேடை பத்து பத்து கிலோவாத்தான் தாவும். ஒண்ணுல முடியற எடை இங்க வரவே வராது."

சில இண்டிகேட்டர்கள் எண்ணை ஒன்றாம் இலக்கத்திலிருந்து அனுப்பும். 12480 கம்பியில் 08421 என்று வரும். முன்னால் நிற்கும் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 8421 என்று காட்டியது புதிதாக ஏற்றிய மென்பொருள். பழைய கணினியில் யாரோ அதைத் திருப்பிப் படிக்கச் சொல்லியிருந்தார்கள், அந்தக் கணினியோடு அதுவும் போனது. செட்டிங்கில் ஒரு டிக். எடை நிமிர்ந்தது.

கிளம்புவதற்கு முன் கன்வெர்ட்டர் செருகியிருந்த யு.எஸ்.பி. துளைக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு இழுத்தார். துளையை மாற்றினால் விண்டோஸ் காம் 4 என்பதைக் காம் 11 ஆக்கிவிடும், பழைய எடை மென்பொருள் ஒற்றை இலக்கத்துக்கு மேல் பார்க்காது. இண்டிகேட்டர் மூடியின் உட்புறம் 9600, 8, பேரிட்டி இல்லை, 1 என்று எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே செல் அடித்தது. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் இருந்து. மெஷின் ஓடவில்லை, உடனே வரவேண்டும் என்கிறார்கள் போல. அவர் கேட்ட முதல் கேள்வி: "கிறுக்கலா வருதா, ஒண்ணுமே வரலையா?"